கணுக்காலுக்கு மேல் ஒரு புண்

பிப்ரவரி 6

என் வீட்டுக்காரருக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். தங்கை வீட்டில்தான் இருக்கிறேன். அவள் வீட்டுக்காரர் வேலைக்காக வெளியூர் போயிருப்பதால் மாடி அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்திருக்கிறாள். காலையில் நீங்கள் சலூனைத் திறக்கப் போன பிறகுதான் பெட்டியை எடுத்தேன். சொல்லிக்கொண்டு கிளம்பியிருந்தால் வாசலில் உட்கார்ந்து ஏதாவது வேடிக்கை பேசியே என்னை நிறுத்தியிருப்பீர்கள்.

கோபித்துக்கொண்டு வரவில்லை. யோசித்துத்தான் வந்திருக்கிறேன். நம் மகள் கல்யாணமாகிப் போன வருஷம் வந்த புண் அது. அவள் பிள்ளையே இப்போது பள்ளிக்கூடம் போகிறது. புண் மட்டும் அப்படியே இருக்கிறது. சாயங்காலமானால் நான் தரையில் உட்கார்ந்து, உங்கள் இடது காலை மடியில் வைத்து, கட்டை அவிழ்த்து, கழுவி, திரும்பக் கட்டுகிறேன். நீங்கள் டிவி பார்க்கிறீர்கள்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா என்ன சொன்னார்? "மேல மருந்து போட்டா மட்டும் இது ஆறாது. கோளாறு உள்ள நரம்புல இருக்கு. ஸ்கேனுக்கு வாங்க, அனேகமா ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கும்." நீங்கள் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு "பார்க்கலாம்" என்றீர்கள். உங்கள் 'பார்க்கலாம்' எனக்குத் தெரியாததா? சமையலறைக் கூரை ஒழுகுவதற்கும் அதே பதில்தான். பாத்திரம் வைத்து வைத்து இப்போது பாத்திரமே ஒழுகுகிறது.

நான் கட்டிவிடுகிற வரைக்கும் நீங்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் போகமாட்டீர்கள். அதனால் இனி நான் கட்டப் போவதில்லை. பஞ்சு, கட்டுத்துணி, கழுவுகிற மருந்துத் தண்ணீர் எல்லாம் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தொடுங்கள்.

ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டால் எழுதுங்கள், அன்றைக்கே பஸ் ஏறுகிறேன். போன் செய்ய வேண்டாம். போனில் என்னைச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். சிரித்துவிட்டால் என் வைராக்கியம் போச்சு.

உங்கள் மனைவி

பிப்ரவரி 12

மேன்மை தங்கிய மேடத்துக்கு,

விரல் தேயப் போன் அடித்துப் பார்த்தேன். நீ எடுக்கவில்லை. சரி, எழுதுகிறேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் இவ்வளவு எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள், உன் தங்கையிடம் காட்டிச் சிரிக்காதே.

கடையில் எல்லோரும் உன்னைக் கேட்கிறார்கள். லாரி ஆபீஸ்காரர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அதைத்தான் கேட்டார். "தங்கச்சிக்குப் பிரசவம், போயிருக்கா" என்று சொல்லிவிட்டேன். உன் தங்கைக்கு ஐம்பது வயது என்பது அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஆபரேஷன், ஆபரேஷன் என்கிறாயே, நம் தெருமுனை பேக்கரிக்காரருக்கு என்ன ஆயிற்று? அவரும் நரம்பு சுருட்டலுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்தான். புண் ஆறியது, மறுபடியும் வந்தது. திரும்பி வரப்போகிற ஒன்றுக்கு நான் எதற்குக் காலைக் கொடுத்துப் படுக்க வேண்டும்? எதிரே கண்ணாடிக் கதவு போட்டுப் புதுக் கடை வந்திருப்பது உனக்கும் தெரியும். என் கடை நான் நிற்பதால் நடக்கிறது. நான் படுத்தால் அதுவும் படுத்துவிடும்.

கட்டு நானே போட்டுக்கொள்கிறேன். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. என் கால், என் இஷ்டம்.

கோபத்தில் இருக்கிற உன் வீட்டுக்காரன்

பிப்ரவரி 17

வீட்டுக்காரருக்கு,

கால் உங்களுடையதுதான். மடி என்னுடையது.

இங்கே ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். தங்கை வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட எனக்குப் பிடிக்கவில்லை. காலையிலிருந்து கடை அடைக்கும்வரை நிற்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாவிட்டாலும் உட்காரக் கூடாதாம். வீட்டுக்கு வந்து காலை நீட்டினால் உங்கள் ஞாபகம்தான் வருகிறது. அதற்காகத் திரும்பி வந்துவிடுவேன் என்று நினைக்க வேண்டாம்.

பேக்கரிக்காரரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். புண் திரும்ப வந்ததை மட்டும் கேட்டிருக்கிறீர்கள். ஆறின பிறகு அவர் என்ன செய்தார் என்று கேட்டீர்களா? கேட்டுவிட்டு எழுதுங்கள்.

உங்கள் மனைவி

மார்ச் 8

உனக்கு,

என்ன போட்டு ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, அதனால் இப்படியே ஆரம்பிக்கிறேன்.

புண் கணுக்காலுக்கு மேலே உள்பக்கமாக இருக்கிறது அல்லவா? எப்படிக் குனிந்தாலும் எனக்கு முழுசாகத் தெரியவில்லை. தடவித் தடவியே ஒரு வாரம் கட்டினேன். பிறகு கடையிலிருந்து கைக்கண்ணாடியைக் கொண்டுவந்தேன். முடி வெட்டி முடித்ததும் பின்கழுத்தைக் காட்டுவேனே, அதேதான். அதைத் தரையில் சாய்த்து வைத்துப் பார்த்தேன்.

இத்தனை வருஷத்தில் நான் அதைச் சரியாகப் பார்த்ததே இல்லை. உள்ளங்கை அகலம் இருக்கிறது. சுற்றிலும் தோல் கறுத்து மரக்கட்டைபோல் கிடக்கிறது. கட்டை அவிழ்த்ததும் வந்த நாற்றத்தில் எனக்கே குமட்டியது. இதையா நீ தினமும் மடியில் வைத்துக்கொண்டு "இன்னைக்குக் கொஞ்சம் பரவாயில்லை" என்று சொன்னாய்?

மறுநாள் சவரத்துக்கு வந்த ஒருவர், போர்த்தியிருந்த துணியை மெல்ல மூக்குவரை இழுத்துக்கொண்டார். நான் பார்க்கவில்லை என்று நினைத்தார். எதிர்க் கண்ணாடியில் எல்லாம் தெரியும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

பேக்கரிக்காரரைப் போய்க் கேட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு இறுக்கமான சாக்ஸ் ஒன்றைக் கொடுத்து, பகல் முழுக்கப் போட்டிருக்கச் சொன்னார்களாம். "அடுப்பு முன்னாடி அதைப் போட்டுட்டு நிக்க முடியுமா? கொஞ்ச நாள்ல கழட்டி எறிஞ்சுட்டேன். அதுக்கப்புறம் டாக்டர் மூஞ்சிலயே முழிக்கலை. புண்ணு தானா வரலைப்பா, நான் கூப்பிட்டேன், வந்துச்சு" என்றார்.

ஸ்கேனுக்குப் போனேன். ஒப்புக்கொண்டு போகவில்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் போனேன். டாக்டரம்மா தொடையில் ஒரு கருவியை வைத்து, கெண்டைக்காலை ஒரு பிடி பிடித்தார். ஸ்கேன் பெட்டிக்குள்ளிருந்து 'உஸ்' என்று சத்தம் வந்தது. பிடியை விட்டதும் இன்னொரு 'உஸ்', அது நெடுநேரம் கேட்டது. "முதல் சத்தம் ரத்தம் மேல போறது. ரெண்டாவது, அதே ரத்தம் திரும்பக் கீழ இறங்குறது. நடுவுல தடுக்க வேண்டிய வால்வு உங்களுக்கு வேலை செய்யலை. இப்படிக் கீழயே தேங்கித் தேங்கித்தான் தோல் வெடிச்சிருக்கு. நல்ல வேளை, உள்ள இருக்கிற பெரிய நரம்பு நல்லா இருக்கு. கெட்டுப்போனதை மட்டும் லேசர் வெச்சு அடைச்சிடலாம்."

"அடைச்சா புண்ணு வராதா டாக்டர்?"

"சீக்கிரம் ஆறும். திரும்ப வர்றதும் குறையும். வரவே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

"அப்புறம் எதுக்கு டாக்டர் பண்ணிக்கணும்?"

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"சலூன் வெச்சிருக்கேன்."

"வெட்டின முடி திரும்ப வளராதுன்னு யாருக்காவது எழுதிக் கொடுத்திருக்கீங்களா?"

படிவத்தைக் கேட்டு வாங்கினேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன். இம்மாதம் 24ஆம் தேதி ஆபரேஷன். பயமாக இருக்கிறது. வா.

உன் வீட்டுக்காரன்

ஏப்ரல் 6

என் வீட்டுக்காரருக்கு,

நேற்று இரவு இங்கே வந்து சேர்ந்தேன். பஸ் ஸ்டாண்டில் நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒப்புக்கொண்டால் வருகிறேன் என்றேன், வந்தேன். அங்கேயே தங்கிவிடுவேன் என்று எப்போது சொன்னேன்? கடையிலும் லீவு அவ்வளவுதான்.

அன்றைக்கு ஆபரேஷன் அறைக்கு வெளியே நான் உட்கார்ந்திருந்தபோது உள்ளிருந்து உங்கள் குரல் கேட்டது. மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டிருந்த டாக்டரம்மாவிடம், எதிர்க்கடையில் முடி வெட்டிக்கொண்டவர்கள் எல்லாம் எப்படிக் கோழிபோல் திரிகிறார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தீர்கள். அப்போதே எனக்குத் தைரியம் வந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே ஒரு ஊசிக்குத்து, அவ்வளவுதான். நீங்களே நடந்து வெளியே வந்தீர்கள். வந்ததும் "இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை வருஷம்?" என்றீர்களே, அந்தக் கேள்வியை நான் கேட்காமல் விட்டதற்கு எனக்கு ஒரு பரிசு தரலாம்.

ஆனால் ஒன்று. நரம்பை அடைத்தாயிற்று, புண் இன்னும் திறந்துதான் இருக்கிறது. கட்டு இறுக்கமாக இருக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும், உட்காரும்போது காலைத் தூக்கி வைக்க வேண்டும். டாக்டரம்மா இதை உங்களிடம்தான் சொன்னார், என்னிடம் இல்லை. நான் பக்கத்திலிருந்தால் நீங்கள் மறுபடியும் காலை என்னிடம் நீட்டிவிட்டு டிவி பார்ப்பீர்கள். அதனால்தான் கிளம்பினேன்.

உங்கள் மனைவி

மே 10

அன்புள்ள கறார்க்காரிக்கு,

நலம். கடை நன்றாக ஓடுகிறது. எதிர்க்கடையில் ஏசி கெட்டுப்போய்விட்டது, அங்கே போனவர்களில் பாதிப்பேர் திரும்பி வந்துவிட்டார்கள். நான் ஒன்றும் கேட்காமல், ஒரு புன்னகையோடு துணியைப் போர்த்தினேன். லாரி ஆபீஸ்காரர் மீசையை எடுத்துவிட்டார், வீட்டில் யாரோ என்று நினைத்துக் கதவைத் திறக்கவில்லையாம். மகள் பேசினாள். பேரன் வகுப்பில் பாட்டுப் பாடினானாம். கூரையையும் ஒருவழியாகச் சரிசெய்துவிட்டேன், சந்தோஷம்தானே? வெயில் கொளுத்துகிறது. உன் தங்கையைக் கேட்டதாகச் சொல்.

உன் வீட்டுக்காரன்

மே 14

வீட்டுக்காரருக்கு,

மீசை, பாட்டு, கூரை, ஏசி என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கட்டை எடுத்துவிட்டீர்கள். சரிதானே?

வெயில் கொளுத்துகிறது என்று எழுதும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அரிக்கும், வேர்க்கும், தெரியாமல் சொல்லவில்லை. ஒரு மாதமாகியும் ஆறவில்லையே என்று அலுத்துப் போயிருப்பீர்கள். இத்தனை வருஷம் எடுத்துக்கொண்ட புண்ணுக்கு நீங்கள் சில மாதம் கொடுக்கக் கூடாதா? இந்தக் கடிதம் கிடைத்ததும் கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாற்காலியில் ஆள் இருந்தால் பாதி முகத்தோடு உட்காரட்டும், பரவாயில்லை.

உங்கள் மனைவி

மே 29

உனக்கு,

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். பயப்படாதே, நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

உன் கடிதம் வந்த அன்று எனக்குக் காய்ச்சல். கால் முழங்கால்வரை சிவந்து, தொட்டால் சுட்டது. பூட்டக்கூடத் தெம்பில்லை. பேக்கரிக்காரர்தான் கடையைப் பூட்டி, என்னை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தார். புண்ணில் கிருமி ஏறிவிட்டதாம். ஊசிமேல் ஊசி.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. மறுபடியும் ஸ்கேன் செய்து படத்தைக் காட்டினார். "நான் அடைச்ச நரம்பு அடைஞ்சே இருக்கு, பாருங்க. என் வேலை சரியாத்தான் இருக்கு. இனி உங்க வேலையைப் பாக்கலாமா?" என்றார்.

ஏன் கழற்றினேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். அரிப்பு ஒரு காரணம். உண்மைக் காரணம் வேறு. தினமும் அவிழ்க்கும்போது இன்றைக்காவது மூடியிருக்கும் என்று பார்ப்பேன். மூடியிருக்காது. நீ எப்படி ஒவ்வொரு நாளும் "பரவாயில்லை" என்று சொன்னாய் என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை, நானே எனக்குச் சொல்லிக்கொள்ளவும் தெரியவில்லை.

இனிமேல் சொல்லிக்கொள்கிறேன். பக்கத்துக் கட்டில்காரர் முன்னால் இப்போதே சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் தன்னைச் சொல்வதாக நினைத்து "நன்றிங்க" என்றார்.

உன் வீட்டுக்காரன்

ஜூன் 21

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன், பிறகு பக்கத்துக் கட்டில்காரரை நினைத்துச் சிரித்தேன். தங்கை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

நான் வருகிறேன் என்று சொன்னதற்கு நீங்களே "வேண்டாம், நான் பார்த்துக்கிறேன்" என்று மகளிடம் சொல்லி அனுப்பினீர்களாமே. அந்த ஒரு வார்த்தைக்காகவே வராமல் இருக்கிறேன். மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

இங்கே ஒரு சண்டை போட்டேன். துணிக்கடையில் எங்கள் தளத்தில் ஒரு சின்னப் பெண்ணுக்குக் கெண்டைக்காலில் பச்சை நரம்பு கயிறுபோலப் புடைத்திருந்தது. மேனேஜரிடம் போய் உட்கார ஸ்டூல் கேட்டேன். "உக்காந்தா தூங்கிடுவீங்கம்மா" என்றார். "என் வீட்டுக்காரர் நின்னே வேலை பாத்தவர். அவர் கால் எப்படி இருக்குன்னு சொல்லட்டுமா?" என்று ஆரம்பித்தேன். துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிவிட்டார்கள். நிறம், அகலம், நாற்றம் ஒன்றையும் விடவில்லை. மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டார். வாரக் கடைசியில் ஸ்டூல்கள் வந்துவிட்டன. உங்கள் புண்ணால் இந்த உலகத்துக்கு ஒரு நன்மை.

நீங்களும் கடையில் உட்கார்ந்து வெட்ட வழி பாருங்கள்.

உங்கள் மனைவி

செப்டம்பர் 12

அன்புள்ள உனக்கு,

மூடிவிட்டது!

கோடையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே வந்தது. சாயங்காலம் பேக்கரிக்காரரையும் இழுத்துக்கொண்டு ஏரிக்கரைவரை நடந்து போய் வருவேன். அவரும் மறுபடி டாக்டரம்மாவிடம் போய் வந்து, சாக்ஸை மாட்டிக்கொண்டார். கடைக்குச் சக்கரம் வைத்த ஸ்டூல் வாங்கினேன். உட்கார்ந்து வெட்டினால் கத்தரி கோணும் என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன். முதல் நாள் லாரி ஆபீஸ்காரரைச் சுற்றி உருண்டு உருண்டு வெட்டினேன். "இது என்னய்யா, என்னை வெச்சு ராட்டினம் சுத்துறே?" என்றார். வெட்டு என்னவோ கோணவில்லை.

நேற்று மதியம் கட்டை அவிழ்த்தேன். பஞ்சு வெள்ளையாகவே வந்தது. ஈரம் இல்லை, கறை இல்லை. வெங்காயத் தோல்போல மெல்லிசாக, ரோஸ் நிறத்தில் புதுத்தோல். கண்ணாடியை வைத்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தேன். நம்பிக்கை இல்லாமல் கடைக்கு அப்படியே போய், உட்கார்ந்திருந்தவர்களுக்கு எல்லாம் பேண்ட்டை மடித்துக் காட்டினேன். ஒருவர் கை தட்டினார். ஒருவர் "முதல்ல என் தாடியை முடிங்க" என்றார்.

இனி நீ வர என்ன தடை?

உன் வீட்டுக்காரன்

செப்டம்பர் 20

என் வீட்டுக்காரருக்கு,

'மூடிவிட்டது' என்ற அந்த ஒரு வார்த்தையைத் தங்கைக்கும் படித்துக் காட்டினேன், கடையில் எல்லோருக்கும் சொன்னேன். மேனேஜர்கூட "நல்லதும்மா, இனிமே அதைப் பத்திப் பேச மாட்டீங்களே?" என்றார்.

லீவு கிடைக்கும்போது வந்து பார்க்கிறேன். நிரந்தரமாக வருவதைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. புண்ணுக்குப் பயமில்லை. நான் வந்த முதல் சாயங்காலமே தரையில் உட்கார்ந்துவிடுவேனோ, நீங்கள் காலை நீட்டிவிடுவீர்களோ என்றுதான். இத்தனை வருஷம் நாம் இரண்டு பேர் இருந்தோமா, அந்தப் புண்ணும் அதைக் கட்டுகிறவளும் மட்டும் இருந்தார்களா என்று எனக்குச் சந்தேகம். புதுக் கிளை திறக்கிறார்கள், புதிதாகச் சேர்ந்தவர்களைப் பழக்கச் சொல்கிறார்கள். கொஞ்ச நாள் இருந்து பார்க்கிறேனே.

புண் மூடிய பிறகு போடச் சொன்ன சாக்ஸை மறக்க வேண்டாம்.

உங்கள் மனைவி

மார்ச் 3

அன்புள்ள உனக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. முடிவு நல்ல முடிவுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீ பதறிப்போய்ப் போன் செய்யக் கூடாது என்பதால் எல்லாம் முடிந்த பிறகு எழுதுகிறேன். ஜனவரியில் பழைய இடத்துக்குப் பக்கத்தில் தோல் வெடித்தது. சின்னதாக, சட்டைப் பொத்தான் அளவு. சாக்ஸ் ஒருநாளும் தவறவில்லை, நடையும் தவறவில்லை, இருந்தும் வந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன்.

மறுநாள் காலை கடையைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி கதவைத் திறக்கும் முன்பே நான் வாசலில் நின்றேன். டாக்டரம்மா, "யார் கூட்டிட்டு வந்தா?" என்று என் பின்னால் எட்டிப் பார்த்தார். "யாரும் இல்லை டாக்டர், நானேதான்" என்றேன். ஸ்கேனில், அடைத்த நரம்பு அடைந்தே இருந்தது. பக்கத்தில் ஒரு கிளை மட்டும் கசிந்தது. அதற்கு நுரைபோல ஒரு மருந்தை ஊசியில் ஏற்றினார். "பொத்தான் அளவுல வந்தீங்க, அதனால இவ்வளவோட போச்சு" என்றார். இறுக்கிக் கட்டி நடந்தேன். போன வாரம் மூடிவிட்டது.

உன்னிடம் ஏன் அப்போதே சொல்லவில்லை? மறைக்க வேண்டும் என்று இல்லை. உன்னிடம் சொன்னால், நீ பார்த்துக்கொள்வாய் என்று எனக்குள் ஒரு சோம்பல் வந்து உட்கார்ந்துவிடும். அதை உள்ளே விடக் கூடாது என்று இருந்தேன்.

மறுபடியும் வரலாம். வந்தால் மறுபடியும் போவேன். அவ்வளவுதான் விஷயம்.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 9

என்னவருக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். படித்து முடித்ததும் எழுந்து போய் மேனேஜரிடம் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டேன். தங்கை, "என்னக்கா, மறுபடி காலுக்கு என்ன ஆச்சு?" என்று பதறினாள். "ஒண்ணும் ஆகலை, அதான் போறேன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

உங்கள் காலுக்காக வரவில்லை. அது இனி உங்கள் பொறுப்பு, நான் அவிழ்த்துக்கூடப் பார்க்கமாட்டேன். எதிர்க்கடைக்காரரின் கோழிகளைப் பற்றி வேறு யாரும் எனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். அதற்காக வருகிறேன்.

சனிக்கிழமை சாயங்கால பஸ். வண்டி எதுவும் பிடித்துக்கொண்டு வர வேண்டாம். ஒரு பெட்டிதான் இருக்கிறது. இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு வீடுவரை நடந்தே போகலாம்.

உங்கள் மனைவி